இரண்டு குத்தாலம்

புதிதாக இந்தத் துறைக்கு வந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். கருவிகளைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை. நாங்கள் மூன்று நாள் உட்கார்ந்து செய்த வேலையை, நீங்கள் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் உங்கள் மடிக்கணினி செய்துவிடுகிறது. அதனால் நான் செய்த ஒரு தவறைப் பற்றியும், அதற்குப் பிறகு வாயைத் திறக்காமல் இருந்தேனே, அதைப் பற்றியும் எழுதுகிறேன். முதலாவது யாருக்கும் நேரக்கூடியது. இரண்டாவது அப்படி இல்லை.

மன்னார்குடியில் ஒரு கல்லூரியில் நான் தாவரவியல் நடத்திக்கொண்டிருந்தேன். புது நூற்றாண்டு பிறந்த சமயம். தெருவுக்கொரு கம்ப்யூட்டர் சென்டர் முளைத்திருந்தது. பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் எல்லாரும் பெங்களூரையும் அமெரிக்காவையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வயல் வைத்திருந்தவர்களே மகனை வயலில் இறங்க விடாத காலம். தாவரவியலில் சேர ஆள் இல்லை. உயிரித் தகவலியல் என்று ஒன்று வருகிறதாம், மரபணுவைக் கம்ப்யூட்டரில் படிப்பதாம், அதை யாராவது படித்துவிட்டு வந்தால்தான் நம் துறை பிழைக்கும் என்றார் எங்கள் முதல்வர். 'யாராவது' என்றால் நான் என்று அர்த்தம். மற்றவர்களுக்கெல்லாம் சின்னக் குழந்தைகள் இருந்தன. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, அம்மாவும் போய்ச் சேர்ந்தாயிற்று. ஒரு வருஷம் படிப்பு விடுப்புப் போட்டுவிட்டுத் தஞ்சாவூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் மாணவியாகப் போய் உட்கார்ந்தேன். அப்போது எனக்கு முப்பத்தொன்பது வயது. வகுப்பில் மற்ற எல்லாரும் இருபத்திரண்டு.

கணினி அறைக்குள் செருப்புப் போட்டுக்கொண்டு போகக்கூடாது. தூசி ஆகாது என்பார்கள். வாசலில் கோயிலுக்கு வெளியே கிடப்பதுபோல செருப்புகள் கிடக்கும். உள்ளே ஏசி குளிரில் பாதம் விறைக்கும். பதினைந்து பேருக்கு எட்டு கம்ப்யூட்டர், எட்டுக்கும் சேர்த்து ஒரே இணைய இணைப்பு. இரண்டிரண்டு பேராக உட்கார வேண்டும். என் பக்கத்தில் ஒரு நாகூர்ப் பெண் உட்கார்ந்தாள். அவள் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. நாகூர்க்காரி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் எனக்கு மவுஸைப் பிடிக்கவே தெரியவில்லை. மேசை விளிம்புக்கு வந்ததும் இதற்கு மேல் நகர இடமில்லையே என்று திருதிருவென விழித்தேன். பின் வரிசையில் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. மவுஸைத் தூக்கி நடுவில் வைத்துவிட்டு, "எல்லாருக்கும் மொத நாளு இப்படித்தான் டீச்சர்" என்றாள். மற்றவர்கள் மேடம் என்று கூப்பிட்டார்கள், அவள் மட்டும் டீச்சர் என்பாள். ஆனால் அந்த ஒரு வருஷமும் டீச்சர் அவள்தான்.

எங்கள் பேராசிரியர் கரும்பலகை முழுக்கக் கணக்குப் போட்டு விளக்கிய ஒன்றை, இடைவேளையில் படிக்கட்டில் உட்கார்ந்து அவள் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். இரண்டு மரபணு வரிசைகளை ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்து எழுத்துக்கு எழுத்துப் பொருத்திப் பார்ப்பது பற்றிய பாடம். உங்களுக்கும் முதல் மாதம் அதுதான் நடக்கும்.

"ஒரு பெஞ்சில பத்து பேரு ஒக்காந்திருக்காங்க டீச்சர். எடையில ஒருத்தரு எழுந்து வெளிநாடு போயிட்டாரு. அவரு எடத்த காலியா விட்டாத்தான் மத்தவங்க எடம் சரியா வரும். காலியா விட்டா மார்க்கு கொறப்பாங்க. மொத காலி எடத்துக்கு நெறைய கொறைப்பாங்க. அதுக்கப்புறம் நீண்டுகிட்டே போனா ஒவ்வொண்ணுக்கும் கொஞ்சந்தான்."

இதைவிடத் தெளிவாக அதை யாரும் விளக்கி நான் கேட்டதில்லை. பின்னால் கல்லூரியில் இருபது வருஷம் அந்தப் பாடத்தை நடத்தியபோதெல்லாம் அவள் பெஞ்சைத்தான் சொன்னேன், என்னுடைய உதாரணம்போல.

அவளுடைய வாப்பா ஷார்ஜாவில் ஒரு துணிக்கடையில் இருந்தார். பதினெட்டு வருஷம் அங்கே இருந்தவருக்கு அப்போதுதான் குடும்பத்தை அழைத்துக்கொள்ளும் விசா கிடைக்கும்போல் இருந்தது. உம்மாவும் தம்பியும் போவது உறுதி. இவள் விஷயத்தில் மட்டும் ஒரு பேச்சு இருந்தது. படிப்பு முடிவதற்குள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் உதவித்தொகையோடு ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்தால் அங்கே போகலாம், இல்லையென்றால் எல்லாரோடும் ஷார்ஜாவுக்கு வந்துவிட வேண்டும். வாப்பா கெட்டவர் இல்லை. குடும்பத்தை ஒரே கூரையின்கீழ் பார்க்காத மனிதர். "நான் ஒருத்தி இங்க இருந்தா உம்மாவுக்குத் தேடும் டீச்சர்" என்றாள் அவள். எங்கள் பக்கத்தில், குறிப்பாக அவர்கள் வீடுகளில், ஒருவரைப் பிரிந்து மனம் ஏங்குவதைத் தேடுது என்றுதான் சொல்வார்கள். நாள் முழுக்க எந்தக் கோப்பிலாவது எதையாவது தேடிக்கொண்டிருந்த எங்களுக்கு அந்தச் சொல் இரண்டு பக்கமும் பொருந்தியது. தேடல் முடிந்து திரையில் முடிவு வர நேரமாகும்போது, "அதுக்கும் தேடுது போல" என்பாள்.

திட்ட வேலைக்கு என்னிடம் இருந்த நெல்லை எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம். மாணவர்களோடு ஊர் ஊராகப் போய் நான் பல வருஷமாகச் சேர்த்த நாட்டு நெல் பொட்டலங்கள். ஒவ்வொன்றின் மேலும் ஊர், வீடு, சேகரித்த மாதம் எல்லாம் தமிழில் என் கையெழுத்தில் இருக்கும். அவற்றைப் போட்டுவைக்க அவள் வீட்டிலிருந்து ஒரு பெரிய பால்பவுடர் டின் கொண்டுவந்து கொடுத்தாள். வாப்பா அனுப்பியது. அதில் இருபத்துநான்கு பொட்டலங்களைத் தேர்ந்தெடுத்தோம். மரபணுவைப் பிரித்து பெங்களூரில் ஒரு கம்பெனிக்கு அனுப்பினோம். எழுத்து வரிசைகள் குறுந்தகட்டில் வந்து சேர்ந்தன.

இனிமேல்தான் என் தவறு வருகிறது. எங்கள் கம்ப்யூட்டரில் தமிழ் கிடையாது. பொட்டலங்களைப் பார்த்து ஒரு பட்டியலை நான் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். அதில் மாயவரத்துக்குப் பக்கத்துக் குத்தாலத்து நெல் ஒன்று இருந்தது, தெற்கே அருவி இருக்கும் குற்றாலத்து மலையடிவார நெல்லும் ஒன்று இருந்தது. இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்துகளைப் போட்டு, பக்கத்தில் ஒன்று, இரண்டு என்று எண் கொடுத்திருந்தேன். நம்மில் பாதிப் பேர் அப்படித்தான் எழுதுவோம். பேசும்போதும் நமக்கு இரண்டும் ஒன்றுதான். குற்றாலத்தை யார் குற்றாலம் என்று உச்சரிக்கிறார்கள்? குத்தாலத்தில குளிச்சேன் என்றுதான் வாயில் வரும். எழுத்துத் தமிழில் மட்டுந்தான் அந்த ஊர்கள் வெவ்வேறு. எங்கள் கோப்பில் அது மட்டுந்தான் இல்லை.

பட்டியலைத் தட்டச்சு செய்யும்போது அவள் கேட்டாள். நிலவகை என்று ஒரு கட்டத்தை நிரப்ப வேண்டும், சமவெளியா மலையடிவாரமா என்று. "டீச்சர், குத்தாலம் ரெண்டும் அருவி ஊருதானே?" நான் வேறு எதையோ படித்துக்கொண்டிருந்தேன். அருவி ஊர் என்பது மட்டும் காதில் விழுந்தது. ஆமாம் ஆமாம் என்றேன்.

எந்த நெல்லுக்கு எந்த நெல் சொந்தம் என்று காட்டும் வரைபடத்தை நிரல் வரைந்து கொடுத்தபோது அறையில் ஒரே பரபரப்பு. மலையடிவார நெல் ஒன்று, எங்கள் டெல்டா நெல்களுக்கு நடுவில் கூடப்பிறந்ததுபோல் வந்து உட்கார்ந்திருந்தது. மேற்கு மலை ஓரத்திலிருந்து காவிரிக் கரைக்கு விதை எப்படிப் பயணம் செய்தது? அவள் அதை வைத்து அழகான ஒரு கட்டுரை எழுதினாள். வண்டி கட்டிக்கொண்டு போனவர்கள், பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள், பஞ்சம் பிழைக்கப் போனவர்கள் எல்லாரும் அதில் வந்தார்கள். எங்கள் திட்ட வேலையின் பொறுப்பாசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு அவள் அனுப்பிய விண்ணப்பத்தில் அந்தக் கட்டுரையே முதல் பக்கம். சென்னையில் நேர்காணலுக்கு அழைப்பும் வந்துவிட்டது.

நேர்காணலுக்கு மூன்று நாள் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து பொட்டலங்களை டின்னில் அடுக்கிக்கொண்டிருந்தேன். பூச்சி விழாமல் இருக்க வேப்பிலை மாற்ற வேண்டும். ஒரு பொட்டலத்தின் மேல் என் கையெழுத்தில் 'குத்தாலம், வாய்க்கால் தெரு, சிவப்பு நெல்' என்று இருந்தது. 'ற்றா' இல்லை, 'த்தா'. பட்டியலை எடுத்து எண்ணைப் பார்த்தேன். வரைபடத்தில் டெல்டாவுக்குள் வந்து உட்கார்ந்திருந்த அந்த அதிசய நெல் இதுதான். டெல்டா நெல், டெல்டா நெல்லோடு சேர்ந்திருக்கிறது. அதில் என்ன அதிசயம்? கண்டுபிடிப்பே இல்லை.

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. இதை நான் ஒளிக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கும் ஒருநாள் இப்படி ஒரு மத்தியானம் வரும். பொட்டலம் என் வீட்டில், என் டின்னில் இருக்கிறது, வெளிநாட்டிலிருந்து வரும் நேர்காணல்காரர்களுக்குத் தமிழ் படிக்கவும் தெரியாது. அவளுக்கு இடம் கிடைத்துவிடும். அவள் போன பிறகு எழுதிச் சொல்லிக்கொள்ளலாம். சாப்பிடாமல் மாலை வரைக்கும் இப்படியே யோசித்தேன். கடைசியில் என்னைக் கிளப்பியது நேர்மை இல்லை, பயம். அங்கே போய் வேறு யாராவது கண்டுபிடித்தால் அவள் பெயர் என்ன ஆகும் என்ற பயம்.

திங்கட்கிழமை காலையில் திருவாரூர் போய், அங்கே நாகூர் பஸ் மாறினேன். அவர்கள் வீட்டுக் கூடத்தில் பெட்டிகள் பாதி கட்டியும் கட்டாமலும் கிடந்தன. உம்மா டீ கொடுத்துவிட்டு, "அங்கன நெல்லு வயலெல்லாம் கண்ணுல படாதாமே டீச்சர்" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். நான் பொட்டலத்தை அவள் கையில் கொடுத்தேன். அவள் படித்தாள். நான் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. முதலில் சிரித்தாள்.

"நெல்லு ஊரா? அருவி ஊரு இல்லயா?"

பிறகு பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். யார் யாருக்குத் தெரியும் என்று கேட்டாள். உனக்கும் எனக்கும்தான் என்றேன். நீ என்ன முடிவு செய்தாலும் நான் கூட நிற்பேன் என்றும் சொன்னேன். அந்த வாக்கியத்தை மறந்துவிடாதீர்கள்.

"தப்பான கோப்பத் தூக்கிக்கிட்டு அவ்ளோ தூரம் போக முடியாது டீச்சர்" என்றாள் கடைசியில்.

சென்னையில் நேர்காணலில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக, என் கட்டுரையின் முக்கியமான முடிவு தவறு என்று சொல்லியிருக்கிறாள். அவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்களாம், நேர்மையைப் பாராட்டினார்களாம். இரண்டு வாரத்தில் வருத்தத்தோடு ஒரு கடிதம் வந்தது.

அதற்கு மறுநாள் பொறுப்பாசிரியர் எங்கள் இருவரையும் அவர் அறைக்குக் கூப்பிட்டார். கணினி அறைக்கு அடுத்த அறை. நல்ல மனிதர்தான், ஆனால் அன்று கொதித்துக்கொண்டிருந்தார். அந்த முடிவை அவர் இரண்டு கூட்டங்களில் பேசிவிட்டு வந்திருந்தார். பட்டியலில் தவறு செய்தது யார் என்று கேட்டார்.

நான் சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனிவரைக்கும் வந்தது. அதே நேரத்தில் என்னென்னவோ வந்தது. படிப்பு விடுப்பு, சான்றிதழ், ஊருக்குத் திரும்பினால் முதல்வர் முகம், பின் வரிசையில் முதல் நாள் கேட்ட சிரிப்பு. பதினைந்து வருஷம் பாடம் நடத்தியவளுக்கு ஊர்ப் பெயர் எழுதத் தெரியவில்லை என்பார்களே. ஒரு நிமிஷம்கூட இருக்காது. அந்த ஒரு நிமிஷத்தில் அவள் முந்திக்கொண்டாள்.

"நான்தான் சார். லிஸ்ட்ட டைப் பண்ணது நான்தான்."

அவர் அவளைத் திட்டினார். நான் பக்கத்தில் நின்றேன். கூட நிற்பேன் என்று சொல்லியிருந்தேன் இல்லையா, நின்றேன், அவ்வளவுதான். வெளியே வந்து செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டோம். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் வாரை மாட்டிக்கொண்டே, குனிந்தபடி சொன்னாள்.

"விடுங்க டீச்சர். நான் போகப்போறவ. நீங்க இங்கயே இருக்கப்போறவங்க."

அதற்குப் பிறகும் ஒரு வாரம் அவள் கணினி அறைக்கு வந்தாள். படிப்பு முடிந்துவிட்டது, பெட்டி கட்டியாயிற்று, இன்னும் என்ன என்று கேட்டதற்கு, ஒரு வேலை பாக்கி இருக்கிறது என்றாள். வெட்கத்தில் நான் மேற்கொண்டு கேட்கவில்லை. அவர்கள் கிளம்பிய அன்று திருச்சி விமான நிலையத்துக்கு வரச் சொல்லியிருந்தாள். விடைத்தாள் திருத்த வேண்டியிருக்கிறது என்றேன். அது பொய். அன்றைக்கு வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஷார்ஜாவிலிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. முதலாவதில், வாப்பாவின் கடைக்கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொடுப்பதாகவும், ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டிடத்து ஜன்னல் தெரிவதாகவும் எழுதியிருந்தாள். கடைசி வரியில் "உங்களை ரொம்பத் தேடுது டீச்சர்" என்றிருந்தது. பதில் எழுத உட்கார்ந்தபோதெல்லாம் மன்னிப்பில் தொடங்க வேண்டியிருந்தது. தொடங்கத் தெரியாமல் தள்ளிப்போட்டேன். இரண்டாவது கடிதம் சின்னது. அதற்கும் தள்ளிப்போட்டேன். அவள் படிக்கட்டில் சொல்லிக்கொடுத்தது சரிதான். முதல் இடத்தைக் காலியாக விடும்போதுதான் வலித்தது. அப்புறம் வருஷங்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டன.

கல்லூரிக்குத் திரும்பினேன். துறை பிழைத்தது. எனக்கு நல்ல பெயர்கூட வந்தது. என் பட்டியல்களில் தவறே இருக்காது என்பார்கள். ஒவ்வொரு வருஷமும் முதல் வகுப்பில் பொட்டலத்தின் மேல் தமிழில் எழுதச் சொல்வேன். ஏன் என்று சொல்ல மாட்டேன். அவளைத் தேடவும் செய்தேன். ஆய்வுக் கட்டுரைகளில் அவள் பெயரைப் போட்டு, இனிஷியலோடு, இனிஷியல் இல்லாமல், வாப்பா பெயரைப் பின்னால் சேர்த்து, எழுத்துகளை மாற்றி மாற்றித் தேடினேன். வரவில்லை. எனக்கு அவளை இரண்டு அர்த்தத்திலும் தேடியது. ஓய்வு பெற்று நான்கு வருஷம் ஆன பிறகும் தேடுகிறது.

போன மாதம் உங்களில் ஒரு பெண் என் வீட்டுக்கு வந்திருந்தார். தன் நெல் வரிசை ஒன்றைப் பொதுத் தரவு வங்கியில் தேடிக் காட்டினார். ஒத்துப்போகிற பதிவுகள் வரிசையாக வந்தன. ஒன்றைத் திறந்து, ஊரைப் பாருங்கள் மேடம், நம்ம பக்கம் என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். ஆங்கிலத்தில்தான் இருந்தது. தமிழில் சொன்னால் இது:

'குத்தாலம். நெல் ஊர், அருவி ஊர் அல்ல. பொட்டலத்தில் எழுதியிருந்தது சரி. முதல் பட்டியலில் நேர்ந்த தவறு நாகூருடையது.'

பதிவான மாதம், அவள் ஊரைவிட்டுக் கிளம்பிய மாதம். பாக்கி இருந்த வேலை இதுதான். இருபத்துநான்கு வரிசைகளையும் சரியான ஊரோடும் சரியான நிலவகையோடும் உலகத்துக்கே கொடுத்துவிட்டுத்தான் அவள் விமானம் ஏறியிருக்கிறாள். யார் யாரோ எங்கெங்கோ அவற்றைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். நான் மட்டும் பார்க்கவில்லை. அவள் பெயரைத் தேடியவள், அந்த ஊர்ப் பெயரை ஒருநாளும் தேடவில்லை. அதைத் தட்டச்சு செய்யவே எனக்குக் கூசியது.

பெயர் ஏன் கிடைக்கவில்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது. அந்தப் படிவத்தில் குடும்பப் பெயர் கட்டாயம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? தன் பெயருக்குப் பின்னால் நாகூர் என்று போட்டிருக்கிறாள். பதிவைக் கொடுத்தவர்கள் இரண்டு பேர். இரண்டாவது பெயர் என்னுடையது, பின்னால் மன்னார்குடி. அந்த வாரம் பக்கத்தில் உட்கார்ந்து என்ன வேலை என்றுகூட நான் கேட்கவில்லை, அவள் என்னைச் சேர்த்திருக்கிறாள். வந்திருந்த பெண்ணின் முன்னால் அழுதுவிட்டேன். பாவம், பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

அந்தத் தரவு வங்கியில் ஒரு விதி உண்டு, உங்களுக்கும் உதவும். ஒரு பதிவின் குறிப்பை அதைக் கொடுத்தவர்கள் மட்டுமே திருத்த முடியும். கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. எழுதிக் கேட்டேன். ஆதாரம் அனுப்பச் சொன்னார்கள். பால்பவுடர் டின்னைத் திறந்து, அந்தப் பொட்டலத்தையும் என் கையெழுத்தில் இருந்த பழைய ஆங்கிலப் பட்டியலையும் படம் எடுத்து அனுப்பினேன். அவள் கொடுத்திருந்த முகவரி நாங்கள் படித்த இடத்து மின்னஞ்சல் முகவரி. அது செத்து எத்தனையோ வருஷம் ஆகிறது. அவள் எங்கே இருக்கிறாள் என்று எனக்கு இப்போதும் தெரியாது. ஆனால் அந்தப் பதிவு அவளுடையது. என்றைக்காவது ஒருநாள் திறந்து பார்க்காமலா இருப்பாள்?

நேற்றுக் காலை திருத்தம் ஏறிவிட்டது. குறிப்பு இப்போது இப்படி இருக்கிறது:

'குத்தாலம். நெல் ஊர், அருவி ஊர் அல்ல. பொட்டலத்தில் எழுதியிருந்தது சரி. முதல் பட்டியலில் நேர்ந்த தவறு மன்னார்குடியுடையது. நாகூர் கேட்டாள், மன்னார்குடி காதில் வாங்கவில்லை.'

அந்த அறையில், அவளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, நான் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான்.